அவசர வண்டி

உபயோகப்படாமல் நிற்கும் வரையில்தான் ஊருக்கு க்ஷேமம் என்று சொல்லத்தக்க பொருள்கள் சில உண்டு. தீயணைக்கும் எஞ்சின் ஒன்று; ரயில் வண்டியில் தொங்கும் அபாயச் சங்கிலி மற்றொன்று. இந்த வரிசையில் மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்க விரும்புகிறோம். வாசகர்கள் அதை எத்தனையோ தடவை கடந்து சென்றிருப்பார்கள். ஏறிட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸுகளின் மேஜைக்கு அருகே, நாலு சக்கரங்களின் மேல், ஐந்தாறு இழுப்பறைகளுடன் சிறு பீரோ ஒன்று நிற்கும். அதன் தலைமேல் ஒரு மின்சார யந்திரம். விலாவில் ஒரு பிராணவாயு சிலிண்டர். ஆஸ்பத்திரிக்காரர்கள் அதைக் 'கிராஷ் கார்ட்' என்று அழைக்கிறார்கள். நாம் அவசர வண்டி என்று சொல்லலாம். நோயாளியின் இருதயமோ மூச்சோ நின்றுபோன க்ஷணத்தில் அவரை மீட்பதற்கு வேண்டிய சாமான்கள் எல்லாம் அந்த வண்டிக்குள் இருக்கின்றன. அல்லது, இருக்க வேண்டும்.

'இருக்கின்றன' என்பதற்கும் 'இருக்க வேண்டும்' என்பதற்கும் நடுவில் ஒரு நர்ஸ் நிற்கிறார். அவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் நிமிஷக் கணக்கைப் பார்த்து விடுவோம். இருதயம் நின்றால் மூளைக்கு இரத்தம் போவதும் அப்போதே நின்றுவிடுகிறது. 4 நிமிஷத்திலிருந்து 6 நிமிஷத்துக்குள் மூளை கெடத் தொடங்குகிறது. இருதயம் தாறுமாறாகத் துடிதுடித்து வேலை நிறுத்தம் செய்துவிட்ட நோயாளிக்கு, மார்பை அமுக்குவாரும் இல்லாமல் மின்சார அதிர்ச்சியும் கிடைக்காமல் கழிகிற ஒவ்வொரு நிமிஷத்திலும் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 7 முதல் 10 பங்கு வரை குறைந்துகொண்டே போகிறது. பத்து நிமிஷம் கழித்து எவ்வளவு பெரிய நிபுணர் வந்தாலும் அவர் செய்யக் கூடியது சொற்பம்.

நாம் வசிக்கும் பட்டாபிராமிலிருந்து பார்த்தால் இந்தக் கணக்கின் கடுமை நன்றாக விளங்கும். சென்னை ஸென்ட்ரலுக்கு எதிரே உள்ள பெரிய ஆஸ்பத்திரி இங்கிருந்து சுமார் 25 கிலோமீட்டர். மின்சார ரயிலில் ஏறி உட்கார்ந்தால் ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஸி.டி.எச். ரோட்டின் வழியே மோட்டாரில் போனால், ஆவடியிலும் அம்பத்தூரிலும் வண்டிகள் நிற்கிற நிலையைப் பொறுத்தது. 108 ஆம்புலன்ஸ் 2008-ம் வருஷத்திலிருந்து நமது ராஜ்யத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் பிழைத்தவர்கள் அநேகர். ஆயினும் நாலு நிமிஷத்துக்குள் எந்த வண்டியும் பட்டணத்தை எட்டப் போவதில்லை. ஆகையால் நம்மைப் போன்ற புறநகர்வாசிகளின் கதி, பட்டணத்துப் பெரிய டாக்டர்களின் கையில் இருப்பதைக் காட்டிலும், பக்கத்துத் தெரு ஆஸ்பத்திரியில் நிற்கும் அவசர வண்டியின் நிலைமையிலும், அதன் அருகில் இரவு டியூட்டி பார்க்கும் நர்ஸின் அறிவிலுமே பெரும்பாலும் இருக்கிறது.

இதை நாம் ஏட்டில் மட்டும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சில வருஷங்களுக்கு முன் உறவினர் ஒருவருக்குத் துணையாக ஓர் ஆஸ்பத்திரியில் இரவு தங்க நேர்ந்தது. ஆஸ்பத்திரியின் பெயர் இங்கே வேண்டாம். பதினெட்டுக் கட்டில்களுக்கு ஒரே நர்ஸ். இருபத்திரண்டு வயதுக்கு மேல் இராது. இரவு இரண்டு மணிக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்த பெரியவர் பேச்சு மூச்சற்றுப் போனார். அந்தப் பெண் ஓடி வந்து கழுத்து நாடியைப் பார்த்தாள். "டாக்டரைக் கூப்பிடுங்கள்! வண்டியைக் கொண்டு வாருங்கள்!" என்று கத்திவிட்டு, கட்டிலின் மேல் முழந்தாளை ஊன்றிக்கொண்டு மார்பை அமுக்கத் தொடங்கினாள். ஆயா வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். வண்டிக்குப் பித்தளைப் பூட்டுப் போட்டிருந்தது. சாவி வேறொரு அறையில் இருந்தது. சாவி வந்து, பூட்டுத் திறந்து, தொண்டைக்குள் வெளிச்சம் காட்டும் லாரிங்கோஸ்கோப்பை எடுத்தால், அதன் விளக்கு எரியவில்லை; உள்ளே பாட்டரி கசிந்து பச்சை பூத்திருந்தது. சிலிண்டர் நிறையப் பிராணவாயு இருந்தது. அதைத் திறக்கும் சாவியைக் காணோம். டாக்டரும் வந்தார். எல்லோரும் பாடுபட்டார்கள். பெரியவர் திரும்பவில்லை. அவருடைய சம்சாரம் அவர் மூக்குக் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு, அதைத் துடைத்துத் துடைத்து உறையில் போடுவதும் எடுப்பதுமாக விடியும் வரையில் உட்கார்ந்திருந்தாள்.

வண்டி ஒழுங்காக இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று சொல்ல நமக்கு யோக்யதை கிடையாது. சகல வசதிகளும் உள்ள அமெரிக்க ஆஸ்பத்திரிகளிலேயே, இருதயம் நின்றுபோன நோயாளிகளில் ஏறக்குறைய நாலைந்து பேருக்கு ஒருவர்தான் உயிருடன் வீடு திரும்புகிறார். ஆனால் அந்த ஒருவராக இருப்பதற்குரிய பாத்தியதை நமது பெரியவருக்கும் இருந்ததல்லவா? அது ஒரு பித்தளைப் பூட்டிலும் இரண்டு பாட்டரிகளிலும் கரைந்து போயிற்று.

நம் மனத்தை இன்றும் உறுத்துவது வேறொன்று. வண்டியின் பக்கத்தில் கயிற்றில் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்கியது. தினந்தோறும் வண்டியைச் சோதித்ததாகக் கையெழுத்திட வேண்டிய புத்தகம் அது. அன்றைய தேதிக்கு நேராகவும் 'சரி' என்று அடையாளம் போட்டு, கையெழுத்தும் இருந்தது. முந்திய நாளும் சரி. அதற்கு முந்திய நாளும் சரி. எல்லாம் சரி, விளக்குத்தான் எரியவில்லை! பள்ளிக்கூடத்தில் இருபது வருஷம் காலந்தள்ளியவர்களுக்கு அந்த அடையாளத்தின் தாத்பரியம் விளங்காமல் போகாது. அடையாளம் போடுவது வேலையாகிவிட்டால், வேலை அடையாளமாகிவிடுகிறது.

அவசர வண்டி பிறந்து வெகு காலம் ஆகிவிடவில்லை. 1960-ம் வருஷம் வரையில், நின்ற இருதயத்தை ஓடவைக்க வேண்டுமானால் மார்பைக் கிழித்துக் கையை உள்ளே விட்டுப் பிசைவதே டாக்டர்கள் அறிந்த முக்கியமான வழி. அந்த வருஷத்தில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஸ்தாபனத்தைச் சேர்ந்த கோவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் என்ற மூவர், மார்பைத் திறக்காமலே வெளியிலிருந்து இரண்டு கைகளால் அமுக்கி இரத்தத்தை ஓடச் செய்யலாம் என்று பிரசுரித்தார்கள். இவர்களில் மூத்தவரான கோவன்ஹோவன் மின்சார எஞ்சினீயர் என்பது கவனிக்கத்தக்கது. அதற்கு முன்பே, 1956-ல், டென்மார்க் தேசத்தில் ஹெஸ்ஸெ, ரூபன் என்ற இருவர், கையால் அழுத்தினால் காற்றை ஊதிவிட்டுத் தானே மறுபடி உப்பிக்கொள்ளும் 'அம்பு' பையை உண்டாக்கியிருந்தார்கள். மார்பின் மேல் இரண்டு தகடுகளை வைத்து மின்சார அதிர்ச்சி கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டர் யந்திரமும் அதே காலத்தில் வந்தது. சாமான்கள் வந்துவிட்டன, ஆனால் ஒவ்வொன்றும் ஆஸ்பத்திரியின் ஒவ்வொரு மூலையில் கிடந்தது. ஒன்றை எடுத்து வருவதற்குள் மற்றொன்றுக்கு வேலை இல்லாமல் போய்விடும். எல்லாவற்றையும் சக்கரத்தின் மேல் ஏற்றினால் என்ன என்ற யோசனை 1962-ல் கான்ஸாஸ் நகரத்துப் பெத்தனி ஆஸ்பத்திரியில் உருவெடுத்தது. சில வருஷங்களுக்குப் பின் பஃபலோ நகரத்தில் அனிதா டார் என்ற நர்ஸ் இத்தகைய வண்டி ஒன்றைத் தாமே திட்டமிட்டு அமைத்தார். அவசரத்தில் கை நீட்டப் போகிறவர் எவரோ, அவரே இழுப்பறைகளை வகுப்பதுதானே நியாயம்?

இந்தச் சரித்திரத்தில் நாம் மிகவும் முக்கியமென்று கருதும் சம்பவம் இன்னொன்று உண்டு. 1960-களின் தொடக்கத்தில் ஃபிலடெல்ஃபியா நகரத்தில் மெல்ட்ஸர் என்ற டாக்டரும் ரோஸ் பின்னியோ என்ற நர்ஸும் சேர்ந்து இருதய நோயாளிகளுக்கு ஒரு தனி வார்டு நடத்தினார்கள். நோயாளியின் தலைமாட்டில் எப்போதும் இருப்பவர் நர்ஸ். டாக்டர் வருவதற்குள் உயிர் போய்விடுகிறது. ஆகவே இருதயத்தின் ஓட்டத்தைக் காட்டும் கோட்டைப் படிக்கவும், தேவையானால் டாக்டருக்காகக் காத்திராமல் மின்சார அதிர்ச்சி கொடுக்கவும் நர்ஸுகளுக்குக் கற்பித்து, அதிகாரமும் கொடுத்தார்கள். அந்நாளில் அது பெரிய துணிச்சல். ஆனால் அறிவைக் கொடுத்து அதிகாரத்தைக் கொடுக்காமல் இருந்தால், நீந்தத் தெரிந்தவனைக் கயிற்றால் கட்டிக் கரையில் உட்கார வைத்தது போலத்தான்.

நிற்க. வண்டிக்குள் என்னதான் இருக்கிறது? நம்மிடம் பத்தாம் வகுப்பில் படித்த பெண் ஒருத்தி இப்போது வேறோர் ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சை வார்டின் பொறுப்பு நர்ஸாக இருக்கிறாள். தம்பியின் சர்ட்டிபிகேட் விஷயமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுக்கு வந்தாள். பேச்சு வாக்கில் இதைப் பற்றிக் கேட்டோம். மேஜை மேல் கிடந்த வெற்று விடைத்தாளை இழுத்து, ஆறு கட்டங்கள் போட்டு, மளமளவென்று எழுதிக் காட்டினாள். முதல் அறையில் மருந்துகள்: அட்ரினலின், அட்ரோபின், அமியோடரோன், கால்ஷியம், சர்க்கரை நீர். இரண்டாவதில் மூச்சுக்கு வேண்டியவை: லாரிங்கோஸ்கோப், பல அளவுகளில் குழாய்கள், அம்பு பை, முகமூடி. மூன்றாவதில் 'வென்ஃப்ளான்' என்று அவர்கள் சொல்லும் ஊசிக் குழாய்களும் சிரிஞ்சுகளும். நாலாவதில் சலைன் வகையறா. ஐந்தாவதில் சளி உறிஞ்சும் குழாய்கள், கையுறைகள். ஆறாவதில் குழந்தைகளுக்குரியவை. வண்டியின் முதுகில் ஒரு பலகை. மெத்தை அமுங்காமல் இருப்பதற்காக நோயாளியின் முதுகின் கீழ் வைப்பது.

"பார்க்காமலே எழுதுகிறாயே!" என்றோம்.

"பார்த்து எழுதினால் பிரயோஜனம் இல்லை, ஸார். கரண்ட் போன இருட்டிலும் கை நேராக அந்த அறைக்குப் போக வேண்டும். கண் தேட ஆரம்பித்தால் காரியம் கெட்டது" என்றாள்.

அவள் சொன்ன இன்னொரு விஷயம் நம்மைச் சிந்திக்க வைத்தது. சாமான் இருக்கிறதா என்று பார்ப்பது பாதி வேலைதான். அது வேலை செய்கிறதா என்று பார்ப்பதே மறு பாதி. லாரிங்கோஸ்கோப்பைப் பிரித்து மாட்டி விளக்கை எரியவிட்டுப் பார்க்க வேண்டும். அம்பு பையின் வாயை உள்ளங்கையால் அடைத்து அமுக்கி, காற்று ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். டிஃபிப்ரிலேட்டரை மின்சாரத்திலிருந்து பிடுங்கி, பாட்டரியில் ஓடுகிறதா என்று பரீட்சை செய்துவிட்டு, மறுபடி மின்சாரத்தில் செருகி வைக்க வேண்டும். மருந்துகளின் காலாவதித் தேதியைப் படிக்க வேண்டும். அடுத்த மாதம் காலாவதியாகிறதை இந்த மாதமே மாற்ற வேண்டும். சிலிண்டரின் முள்ளைப் பார்க்க வேண்டும். பி டைப் சிலிண்டர் என்பது முழுதாக இருந்தால் ஏறத்தாழ 1,500 லிட்டர் பிராணவாயு. நிமிஷத்துக்கு 15 லிட்டர் வீதம் விட்டால் 100 நிமிஷம் வரும். முள் கால்வாசியில் நின்றால் 25 நிமிஷம்தான். எட்டாம் வகுப்புக் கணக்கு! ஆனால் பிழையாகப் போட்டால் ஓர் உயிர் கழிந்து போகும்.

இவ்வளவும் ஆன பிறகு, எண் பொறித்த மெல்லிய பிளாஸ்டிக் முத்திரையால் வண்டியை மூடுகிறார்கள். பூட்டு அல்ல, முறுக்கினால் அறுந்துவிடும். அந்த எண்ணைப் புத்தகத்தில் எழுதுகிறார்கள். அடுத்த டியூட்டிக்கு வருகிறவர், முத்திரையின் எண்ணும் புத்தகத்தின் எண்ணும் ஒன்றாக இருந்தால், உள்ளே யாரும் கை வைக்கவில்லை என்று அறிந்துகொள்ளலாம். முத்திரைக்கு வெளியே இருக்கும் சிலிண்டரையும் யந்திரத்தையும் ஒவ்வொரு டியூட்டியிலும் சோதித்தாக வேண்டும். திருடனுக்குப் பயந்து பூட்டுகிற வழக்கமும், அவசரத்தை நினைத்து முத்திரையிடுகிற வழக்கமும் வெவ்வேறு மனோபாவங்களிலிருந்து பிறக்கின்றன. முன்னது சாமானைக் காப்பாற்றுகிறது. பின்னது மனிதனைக் காப்பாற்றுகிறது.

சாமான்களைச் சோதிப்பது போலவே அறிவையும் சோதித்தாக வேண்டும். அதற்கும் காலாவதித் தேதி உண்டு. மார்பை நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை, பெரியவர்களுக்கு 5 ஸென்டிமீட்டருக்குக் குறையாத ஆழம், அமுக்க வேண்டும். ஒவ்வோர் அமுக்கலுக்குப் பின்பும் மார்பு முழுதும் மேலெழும்ப விட வேண்டும். அமுக்குகிறவர் களைத்துப் போவாராகையால் 2 நிமிஷத்துக்கு ஒருமுறை ஆளை மாற்ற வேண்டும். இதையெல்லாம் நர்ஸுகள் படிக்கிறார்கள், பொம்மையின் மேல் பழகுகிறார்கள், சர்ட்டிபிகேட்டும் பெறுகிறார்கள். சர்ட்டிபிகேட் வழக்கமாக இரண்டு வருஷத்துக்குச் செல்லும். ஆனால் பழகாவிட்டால் கைத்திறன் சில மாதங்களிலேயே மங்கத் தொடங்கிவிடுகிறது என்று பல தேசங்களிலும் பரிசோதித்தவர்கள் கண்டிருக்கிறார்கள். நமக்கு இதில் ஆச்சரியம் இல்லை. ஏப்ரலில் நூற்றுக்கு நூறு வாங்கிய பையன், கோடை விடுமுறை கழிந்து ஜூன் மாதம் பதினேழாம் வாய்ப்பாடு சொல்லும் அழகை நாம் வருஷந்தோறும் கேட்கிறோம்.

மருந்துகளிலும் சூக்ஷ்மங்கள் உண்டு. இருதயம் நின்றுபோன பெரியவர்களுக்கு அட்ரினலின் 1 மில்லிகிராம், இரத்தக் குழாயில், 3 முதல் 5 நிமிஷத்துக்கு ஒரு தடவை. ஊசி மருந்து ஒவ்வாமல் உடம்பு தடித்து மூச்சுத் திணறுகிறவருக்கோ, அதே மருந்தில் அரை மில்லிகிராம், தொடைச் சதையில். ஒரே ஆம்ப்யூல், இரண்டு அளவு, இரண்டு வழி. மின்சார அதிர்ச்சியிலும் அப்படியே. இருதயம் கட்டுக்கடங்காமல் துடிக்கும் சிலவகைக் கோளாறுகளுக்கே அது உதவும். திரையில் நேர் கோடு ஓடுமானால் அதிர்ச்சியால் பலன் இல்லை. மார்பை அமுக்குவதும் மருந்துமே கதி. சினிமாக்களிலோ நேர் கோடு வந்தவுடன் டாக்டர் யந்திரத்தை எடுத்து வைக்கிறார். கதாநாயகி கண் விழிக்கிறாள். நர்ஸுப் பயிற்சி மாணவிகளும் அந்த சினிமாக்களைத்தானே பார்த்து வளர்கிறார்கள்! கற்பிக்கிறவர் முதலில் அதை மறக்கடிக்க வேண்டியிருக்கிறது.

வாரம் ஒரு நாள், நோயாளி இல்லாத நேரம் பார்த்து, பத்து நிமிஷம் ஒத்திகை. "மூன்றாம் கட்டிலில் நாடி இல்லை" என்று ஒருவர் சொல்ல வேண்டியது. யார் அமுக்குகிறார், யார் பையைப் பிடிக்கிறார், யார் மருந்து எடுக்கிறார், யார் நேரம் குறிக்கிறார் என்பதைச் செய்து பார்க்க வேண்டியது. நம் பழைய மாணவி தன் வார்டில் இதை நடத்துகிறாள். புதிதாகச் சேர்ந்த பெண்களிடம் கண்ணை மூடச் சொல்லி, "அம்பு பை எந்த அறை?" என்று கேட்பாளாம். இதற்குப் பணச் செலவு இல்லை. பள்ளிக்கூடத்தில் நாம் 'மனக்கணக்கு' என்று செய்வது இதைத்தான்.

இந்தக் கலை நமக்கு அந்நியமானதன்று. சென்னைப் பொது மருத்துவமனையில் நர்ஸுகளுக்குப் பயிற்சியளிப்பது 1871-லேயே தொடங்கிவிட்டது. நர்ஸுகளையும் மருத்துவச்சிகளையும் பதிவு செய்வதற்கு 1926-ல் சென்னை மாகாணத்தில் சட்டம் பிறந்தது. வேலூரில் 1946-ல் பட்டப் படிப்பே ஏற்பட்டது. காந்தி மகான் போயர் யுத்தத்தில் சுமார் 1,100 இந்தியர்களைத் திரட்டிக் காயம்பட்டவர்களைச் சுமக்கும் படை அமைத்தவர். நோயாளிக்குப் பணிவிடை செய்வதில் தமக்கிருந்த பிரியத்தை மறைக்காமல் எழுதியவர். இவ்வளவு இருந்தும், பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது "நர்ஸ் உத்தியோகமா?" என்று முகத்தைச் சுளிக்கிற குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. அதே குடும்பத்துப் பாட்டனார் நடு நிசியில் மூச்சுத் திணறும்போது அந்த உத்தியோகம் வேண்டியிருக்கிறது.

சிரத்தையைக் கேட்பதற்கு முன் வசதியைக் கொடுத்திருக்கிறோமா என்றும் பார்க்க வேண்டும். பதினெட்டுக் கட்டில்களை ஒரே பெண் கவனித்துக்கொண்டு, மாத்திரை கொடுத்து, ஊசி போட்டு, சலைன் மாற்றி, சீட்டுகள் நிரப்பி, அதன் மேல் வண்டியையும் அக்கு வேறு ஆணி வேறாகச் சோதிக்க வேண்டுமென்றால், அவள் புத்தகத்தில் 'சரி' போட்டுவிட்டு ஓடுவாள். அந்தப் பொய்யை எழுதிய கை அவளுடையது. எழுத வைத்தவர்கள் பலர். நமது ராஜ்யத்தில் 2015-ம் வருஷத்திலிருந்து தேர்வு வாரியத்தின் மூலம் எடுக்கப்பட்ட நர்ஸுகள் ஆயிரக்கணக்கில் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்டார்கள். உத்தியோகத்தை நிரந்தரமாக்கக் கோரி அவர்கள் வீதியில் உட்கார்ந்ததைப் பத்திரிகைகளில் கண்டோம். தனியார் ஆஸ்பத்திரிகளிலோ ஒரு வண்டியின் அறைகள் மனத்தில் பதிவதற்குள் நர்ஸ் வேறு வேலை தேடிப் போய்விடுகிறார். நாளைக்கு இருப்போமா என்று தெரியாதவர்களிடம் இருட்டில் கை போகும் பழக்கத்தை எப்படி எதிர்பார்ப்பது?

நமது பக்கத்து ஊர் ஆவடியில் 1955-ம் வருஷம் ஜனவரி மாதம் கூடிய காங்கிரஸ் மகாசபை, சோஷலிச பாணிச் சமுதாயத்தை அமைப்பதே லக்ஷ்யம் என்று தீர்மானம் செய்தது. அத்தீர்மானம் எவ்வளவு தூரம் நிறைவேறியது என்று அரசியல்வாதிகள் விவாதித்துக்கொள்ளட்டும். நமக்குத் தோன்றும் உரைகல் மிகச் சிறியது. பட்டணத்து நக்ஷத்திர ஆஸ்பத்திரியின் அவசர வண்டியையும், பட்டாபிராம் தெருக்கோடி ஆஸ்பத்திரியின் அவசர வண்டியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, இரண்டின் விளக்கும் எரிகிறதா என்று பார்த்தால் போதும். மாடிகளும் சலவைக்கல்லும் வித்தியாசப்படலாம். அந்த விளக்கு வித்தியாசப்படக் கூடாது. அதன் விலை இரண்டு பாட்டரி.

இதே ஆவடி, பட்டாபிராம் பக்கத்தில் ராணுவத்தின் கிடங்குகள் இருக்கின்றன. அவற்றுக்கென்றே ஒரு ரயில் கிளைப் பாதையும் உண்டு. யுத்தம் இல்லையே என்று ராணுவத்தார் சரக்கை எண்ணாமல் விடுவதில்லை. எண்ணியதற்காக யாரும் மாலை போடுவதும் இல்லை. நர்ஸின் காலை நேரச் சோதனையும் அத்தகையதே. நூறு நாள் சோதித்து, நூறு நாளும் வண்டி நகராமல் நின்றால், அவருடைய உழைப்பு வீண் என்று தோன்றும். அது வீணாகவில்லை, நூற்றியோராவது நாளுக்காகச் சேமிக்கப்பட்டது.

குடும்பஸ்தர்களாகிய நாம் செய்யக் கூடியவையும் சில உண்டு. வார்டில் நர்ஸ் அவசர வண்டியைத் திறந்து வைத்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தால், "என் தலையணையை மாற்றம்மா" என்று அந்த நேரத்தில் குரல் கொடுக்காமல் இருக்கலாம். அபாயம் நேர்ந்து வண்டி ஓடி வரும்போது உறவினர் பன்னிரண்டு பேரும் கட்டிலைச் சூழாமல் வழி விடலாம். சிகிச்சை பலிக்கவில்லை என்றால் நர்ஸின் மேல் பாயாமல் இருக்கலாம். ஆஸ்பத்திரியில் நோயாளியைச் சேர்க்கும்போது அறை வாடகையையும் குளிர்சாதனத்தையும் விசாரிக்கிற நாம், "இந்த வார்டில் அவசர வண்டி எங்கே இருக்கிறது? இரவில் யார் பொறுப்பு?" என்று மரியாதையாக ஒரு கேள்வி கேட்கலாம். பத்துப் பேர் கேட்டால் பூட்டுகள் தாமாகக் கழன்றுவிடும்.

அன்றியும், வீட்டிலும் தெருவிலும் வண்டி கிடையாது, கைகள் உண்டு. இந்திய மயக்க மருந்து டாக்டர்களின் சங்கம் 2017-ல் நமது தேசத்துப் பொது ஜனங்களுக்கென்று எளிய முறை ஒன்றை வகுத்தது. விழுந்தவருக்கு உணர்வு இல்லை, மூச்சும் சரியாக இல்லை என்று கண்டால், ஆம்புலன்ஸுக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, வாயில் ஊதாமலே, மார்பின் நடுவில் இரண்டு கைகளையும் வைத்து, உதவி வரும் வரையில் அமுக்கிக்கொண்டே இருப்பதுதான் அது. வீட்டுக்கு ஒருவர் இதைக் கற்றுக்கொண்டால், பட்டாபிராமுக்கும் பட்டணத்துக்கும் நடுவே உள்ள அந்த ஒரு மணி நேரத்தில் சில நிமிஷங்களையாவது நாம் மீட்டு நர்ஸின் கையில் கொடுக்கலாம்.

மீதியை அவர் பார்த்துக்கொள்வார். அவருக்கு நேரமும், பயிற்சியும், அதிகாரமும், எரிகிற விளக்கும் கிடைத்திருந்தால்.